உள்பக்கத் தாழ்ப்பாள்

எய்யா சரவணா,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று தபாலில் வந்தது. உங்கம்மா நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். பிள்ளையின் பத்திரிகையைப் பெற்றவன் அடித்து ஊருக்குக் கொடுப்பதுதான் வழக்கம். நம் வீட்டில் பிள்ளை அடித்துப் பெற்றவனுக்கு அனுப்பியிருக்கிறான். இதில் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை, அதனால் கோபித்துக்கொள்ளவும் இல்லை. என் பெயருக்குக் கீழே 'கட்டிட மேஸ்திரி' என்று போட்டிருக்கிறாய். அதைப் படித்ததும் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். "என்ன, எழுத்துப் பிழையா?" என்று உங்கம்மா கேட்டாள். பிழை எழுத்தில் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

முகூர்த்தத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கோயம்புத்தூர் மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு அப்பா என்று மாலை போட்டு என்னை உட்கார வைப்பார்கள். உட்காருவதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போனில் சொல்லிப் பார்க்கலாமென்று நாலைந்து தடவை எடுத்தேன். நீ "சொல்லுங்க" என்கிறாய், நான் "சாப்பிட்டியா" என்கிறேன், வைத்துவிடுகிறோம். ஒரு வருஷமாக நாம் பேசியது அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன். எனக்குச் சுவர் எழுப்பத் தெரிந்த அளவுக்குக் கடிதம் எழுப்பத் தெரியாது. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சந்தைக் கொட்டகையில் இருந்த அந்த நாலு குடும்பங்களிலிருந்து தொடங்குகிறேன். மலை மேல் ஏலத் தோட்டத்தில் முப்பது நாற்பது வருஷம் உழைத்தவர்கள். வேலை முடிந்ததும் தோட்டத்துக்காரர்கள் லயத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். லயம் என்று அவர்கள் சொல்லும் அந்த ஒற்றை அறை வரிசை வீடுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வீடு. கீழே இறங்கி வந்தால் சொந்தமென்று ஒரு சாண் மண் கிடையாது. நம் ஊர் வாரச் சந்தைக் கொட்டகையில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, சந்தை நாளில் சுருட்டி, மறுநாள் விரித்து இருந்தார்கள். நான் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவேன். இரண்டு வருஷம் போயிருக்கிறேன். ஒருநாளும் வண்டியை நிறுத்தியதில்லை. வீடு கட்டுவதே தொழிலாக இருக்கிற ஒருவன், வீடில்லாதவர்களைத் தினமும் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

போன வருஷம் நீ வேலை மாறுகிற இடைவெளியில் மூன்று மாதம் இங்கே வந்திருந்தாய். வந்த வாரமே கொட்டகைக்குப் போய், அங்கே இருந்தவர்களில் ஒருத்தியான அழகம்மாவோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாய். உத்தமபாளையத்துப் பஞ்சுக்கடை பாயிடம் போய், வாய்க்கால் ஓரம் சும்மா கிடந்த அவருடைய நாலு சென்ட் இடத்தை அவர்களுக்காக இனாமாகக் கேட்டு வாங்கி வந்தாய். "எம் பேரை எங்கனயும் எழுதிப் போட்றாதீக தம்பி" என்று சொல்லித்தான் அவர் பத்திரத்தைக் கொடுத்தாராம். இடித்த வீடுகளிலிருந்து செங்கலும் பழைய ஓடும் சேர்த்தாய். ஒரு தாளில் நாலு அறை வரைந்து என் முன்னால் வைத்தாய். செங்கலைப் படுக்க வைக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினால் செங்கல் குறையும், அறையும் குளிர்ச்சியாக இருக்கும் என்றாய். கூரையில் கம்பிக்கு நடுவே பழைய ஓட்டைக் கவிழ்த்து வைத்துக் கான்கிரீட் போட்டால் சிமென்ட் மிச்சம் என்றாய். "ஓட்டை வச்சு ஒப்பேத்துறதுக்காய்யா உன்னை இன்ஜினியருக்குப் படிக்க வச்சேன்?" என்று நான் கேலி பண்ணினேன். ஆனாலும் கட்ட வந்தேன். உன்னோடு ஒரே சாரத்தில் நின்று வேலை பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை அப்போது சொல்லியிருக்கலாம்.

அந்தத் தாளில் ஒவ்வொரு கதவுக்கும் உள்பக்கம் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தாய். என்ன இது என்று கேட்டேன். "தாழ்ப்பாள்ப்பா. அழகம்மா மொதல்ல கேட்டது இதுதான்" என்றாய். நான் சிரித்தேன். "திருடு போறதுக்கு இவுககிட்ட என்ன இருக்கு? வெளிய ஒரு கொண்டி போதும், பூட்டிட்டு வேலைக்குப் போவாக" என்றேன். நீ தாளை மடித்தாய். சரக்கு அடுக்குகிற கிட்டங்கி எத்தனை கட்டியிருக்கிறேன், எத்தனை மாட்டுத் தொழுவம் கட்டியிருக்கிறேன். அவற்றுக்கெல்லாம் தாழ்ப்பாள் வெளியேதான். அந்தக் கணக்கிலேயே இந்த நாலு அறையையும் நினைத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பங்குனியில் சுவர் முடிந்தது. சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, ஓடும் அடுக்கியாயிற்று. கான்கிரீட் போட்டால் தீர்ந்தது, ஒரு பகல் வேலை. அழகம்மாவின் மகள் பவானி நிறைமாதமாக இருந்தாள். அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். பிள்ளை பிறப்பதற்குள் கூரை நின்றுவிட வேண்டும் என்று நீ நாள் எண்ணிக்கொண்டிருந்தாய். புதன்கிழமை கான்கிரீட் என்று முடிவு பண்ணினோம். செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலில் காப்புக் கட்டு. நம் ஊரில் திருவிழாச் சாட்டு விழுந்தபின் புது வேலை தொடங்கக் கூடாது, தொடங்கிய வேலையை முடிக்கத் தடையில்லை. காப்புக் கட்டிய எட்டுப் பேருக்கு மட்டும்தான் கட்டுப்பாடு. அவர்கள் எட்டு நாளும் ஊர் எல்லை தாண்டக் கூடாது, தொழில் சாமானைத் தொடக் கூடாது, பிறப்பு இறப்புத் தீட்டுப் பட்ட இடத்துக்குப் போகக் கூடாது, கோயிலிலேயே இருக்க வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். இனி எழுதப் போவதுதான் உனக்குத் தெரியாது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். நீ அப்போது சிமென்ட் மூட்டையை எண்ணி வாங்கச் சின்னமனூர் போயிருந்தாய். காபி குடித்து முடித்ததும் தலைவர் தொடங்கினார்.

"என்ன மேஸ்திரி, ஊருக்குள்ள உம்ம மகன் லயம் கட்டுறாப்லயாம்ல?"

"சின்னதா நாலு ரூமுங்க."

"இன்னைக்கு நாலு ரூம்பீக. நாளைக்கு மலையே எறங்கி இங்கன வந்து குந்திரும். யாரு எவருன்னு தெரியாத ஆளுக. பொம்பளப் பிள்ளைக வாய்க்காலுக்குக் குளிக்கப் போற பாதை அது."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அந்தப் பாதையில் நம் பெண்களைக் கேலி பண்ணுகிறவர்கள் நம் ஊர்ப் பையன்கள்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்த இடம் உங்களுடையதல்ல, பாய் கொடுத்தது என்று சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம் 'என் மகன் கட்டுகிறான், நானும் கட்டுகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "எனக்கும் அதுல இஷ்டமில்லைங்க. பய கேக்க மாட்டேங்கிறான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்று பேரும் என்னை அடித்துவிடப் போவதில்லை. ஊரில் பெரிய வீடெல்லாம் கட்டியவன் நான். என்றாலும் அந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எல்லாம் கடைசிப் பந்தியில் சாப்பிட்டவனும் நான்தான். முதல் பந்திக்காரர்கள் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம் யோசனை கேட்கிற மாதிரிப் பேசியதும் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. அவ்வளவு அற்பமான காரணம்தான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

"அப்ப நிப்பாட்டுமய்யா" என்றார் தலைவர்.

உன்னிடம் வந்து 'நிறுத்து' என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. அவர்களிடம் 'முடியாது' என்று சொல்லவும் வராது. அப்போதுதான் அந்தப் புத்தி தோன்றியது. "எட்டாவது காப்பு யாருக்குன்னு முடிவாயிருச்சுங்களா?" என்று கேட்டேன். தலைவர் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "நீரே கட்டிக்கிரும்" என்றார். இருபது வருஷமாகக் கூப்பிட்டபோதெல்லாம் வேலை இருக்கிறது என்று தட்டிக் கழித்தவன், அன்றைக்கு நானாகக் கேட்டு வாங்கினேன். வேலையிலிருந்து தப்பிப்பதற்காக.

செவ்வாய்க்கிழமை மஞ்சள் துணியில் மஞ்சள் கிழங்கை முடிந்து என் மணிக்கட்டில் கட்டினார்கள். நீ கூட்டத்தில் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகம் எனக்கு இன்னும் தெரிகிறது. நான் ஏறாமல் என் ஆட்கள் சாரம் ஏற மாட்டார்கள். ஒரு மேஸ்திரி தொட்ட கட்டிடத்தை அவன் ஒப்புதல் இல்லாமல் இன்னொருவன் தொடுவதும் எங்கள் தொழிலில் கிடையாது. நீ சின்னமனூரில் போய் இரண்டு கொத்தனார்களைக் கெஞ்சிக் கேட்டாய். அவர்கள் எனக்குப் போன் பண்ணினார்கள். "பொறுங்கப்பா, எட்டு நாள்தான, நானே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வராமல் போனது அதனால்தான். அவர்கள் மேல் நீ இன்னும் வருத்தத்தில் இருந்தால், அதை எடுத்து என் மேல் வைத்துவிடு.

ஐந்தாம் நாள் மத்தியானம் மேகமலைப் பக்கமிருந்து கோடை மழை இறங்கியது. காற்றில் வாழைத் தோட்டமெல்லாம் படுத்துவிட்டது. நான் கோயில் மண்டபத்தில் கமிட்டிக்காரர்களோடு உட்கார்ந்து, கரண்டு போய்விட்டதே, மைக் செட் நனைந்துவிடுமே என்று பேசிக்கொண்டிருந்தேன். சந்தைக் கொட்டகையின் தார்ப்பாய் கிழிந்து பறந்ததும் அழகம்மா மகளைக் கூட்டிக்கொண்டு நம் நாலு அறைக்கு ஓடியிருக்கிறாள். சுவர் இருக்கிறது, கூரை இருக்கிற மாதிரியும் இருக்கிறது. ஆனால் அடுக்கிய ஓட்டுக்கு இடையில் தண்ணீர் ஊற்று ஊற்றென்று ஊற்றியிருக்கிறது. பலகையைத் தாங்கிய முட்டுக் கம்புகளுக்கு நடுவில் அந்தப் பெண் வலியில் உட்கார்ந்திருந்ததை நீதான் பார்த்தாய். நான் பார்க்கவில்லை. ஆனாலும் தினமும் பார்க்கிறேன்.

நீ அவளைத் தூக்கி வந்து நம் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, என் மடியில் இருந்த லோடு வண்டிச் சாவிக்காகக் கோயிலுக்கு ஓடி வந்தாய். சட்டையெல்லாம் சேறும் ரத்தமுமாக இருந்தது. "அப்பா, சாவி!" என்று படியேறினாய். கமிட்டிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து இரண்டடி பின்னால் போய், "கிட்ட வராதய்யா, காப்புக் கட்டியிருக்கேன்" என்றேன். சாவியைத் தரையில் வீசினேன். உனக்கு மூன்று வயதில் வைசூரி மாதிரிக் காய்ச்சலில் உடம்பெல்லாம் கொப்புளம் வந்தபோது, பத்து நாள் உன்னை நெஞ்சில் போட்டுக்கொண்டு வீரபாண்டிக் கோயில் மண்டபத்தில் கிடந்தவன் நான். அதே நான் உன்னைக் கிட்ட வராதே என்றேன். நீ குனிந்து சாவியை எடுத்தாய். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நீ மழையில் திரும்பி ஓடினாய்.

சின்னமனூர் போய்ச் சேர்வதற்குள் வண்டியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. உங்கம்மாதான் தன் சேலையில் ஏந்தியிருக்கிறாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். உங்கம்மாவால் பிழைத்தார்கள், உன்னால் பிழைத்தார்கள். மறுநாள் கோயிலுக்கு எனக்குச் சோறு கொண்டுவந்த உங்கம்மா தூக்குச் சட்டியைப் படியில் வைத்துவிட்டு, "கையில கட்டியிருக்கிறது காப்பா, இல்ல போலீஸ் மாட்டுற விலங்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு நீயும் வந்தாய். படியேறவில்லை. கீழே நின்றபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, அவுகளா உங்களுக்குக் கட்டிவிட்டாகளா, நீங்களா கேட்டீகளா?"

"அவுகளாத்தான்ய்யா. சாமி காரியம், மறுக்க முடியுமா?" என்றேன்.

நீ தலையாட்டிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாய். நம்பினாயா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நம்பியிருந்தால், தயவுசெய்து நம்பாதே. நான்தான் கேட்டேன். சாமியும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. என் கோழைத்தனத்தைச் சாமி துணியில் முடிந்து கையில் கட்டிக்கொண்டேன். அம்மன் என்னை என்ன செய்தாலும் தகும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்பன் என்று இருந்துவிட்டு ஒரு புத்திமதியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குடும்பஸ்தன் ஆகப் போகிறாய். உனக்கும் ஒரு நாள் நாலு பேர் வந்து உட்காருவார்கள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். முடியாதென்றால் வாயால் முடியாது என்று சொல். வருகிற பெண்ணிடமும் அப்படியே இரு. சாக்குச் சொல்லித் தப்பிக்கிற பழக்கம் உன் அப்பனிடமிருந்து உனக்கு வந்திருந்தால், அவள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் நீயே கண்டுபிடித்துவிடு.

காப்பை அவிழ்த்து ஆற்றில் விட்ட மறுநாள் அந்த இடத்துக்குப் போனேன். பலகை ஊறி உப்பியிருந்தது. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அடித்தோம். கமிட்டித் தலைவர் பைக்கில் வந்து நின்று, "என்ன மேஸ்திரி, இஷ்டமில்லைன்னீக?" என்றார். "அன்னைக்குப் பொய் சொன்னேங்க" என்றேன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இதை அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தால் எவ்வளவு சின்ன வார்த்தையாக இருந்திருக்கும்! நீ சொன்னபடியே ஓடு வைத்துக் கான்கிரீட் போட்டேன். உன் கணக்கு சரிதான்ய்யா. இந்தச் சித்திரை வெயிலில் நம் வீட்டு மாடியைவிட அந்த அறைகள் குளிர்ச்சியாக இருக்கின்றன.

கதவு மாட்டிய அன்றைக்கு அழகம்மா மகளோடும் பேரனோடும் வந்தாள். மற்ற மூன்று குடும்பமும் வெளியில் நின்றன. அவள் உள்ளே போய்ச் சுவரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தி அதன் முதுகைத் தடவிப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, "உள்ள தாழ்ப்பாள் இல்லையே மேஸ்திரி" என்றாள்.

நான் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன்.

"கொற சொல்றேன்னு நெனைக்காதீக. லயத்துல உள்கொண்டி ஒடைஞ்சு போச்சுன்னு பத்து வருசம் சொன்னோம், மாத்தித் தரல. கங்காணி நெனைச்ச நேரம் கதவைத் தள்ளிக்கிட்டு வருவாக. சந்தைக் கொட்டகைல கதவே கெடையாது. மக சேலை மாத்தணும்னா நான் துப்பட்டியை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அதான் தம்பிகிட்ட மொதல்லயே சொன்னேன். தம்பி எழுதிக்கிட்டாரு."

உன் சிவப்புக் கோடு எனக்கு அப்போதுதான் விளங்கியது. சின்னமனூருக்குப் போய் நாலு தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். ஆட்களை அனுப்பிவிட்டு நானே துளை போட்டு, நானே திருகி மாட்டினேன். அழகம்மா வீட்டுக் கதவைக் கடைசியாக முடித்துவிட்டு, சரியாக விழுகிறதா பாருங்கள் என்று சொல்லி வெளியே வந்தேன். அவள் மகளையும் பேரனையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. திறந்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்வாள் என்று நின்றேன். திறக்கவில்லை. மறுபடி எடுத்து மறுபடி போடுகிற சத்தம்தான் கேட்டது. பவானி சிரித்தாள், பிள்ளை அழுதது, பாத்திரம் உருண்டது. தாழ்ப்பாளைத் திருகிய என் திருப்புளி உள்ளே ஜன்னல் திண்டில் இருந்தது. தட்டிக் கேட்கலாமா என்று கையைத் தூக்கினேன். இந்தக் கதவைத் தட்ட எனக்கு என்ன பாத்தியதை என்று தோன்றியது. கையை இறக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கோயம்புத்தூருக்கு வருவேன். மண்டபத்து வாசலில் நிற்பேன். இந்தக் கடிதத்தைப் படித்தபின் உள்ளே கூப்பிட உனக்கு மனம் வந்தால் கூப்பிடு. வராவிட்டால் உங்கம்மா மட்டும் உள்ளே வருவாள், நான் அங்கிருந்தபடியே அட்சதை போட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அதற்காக ஒருவரிடமும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

கல்யாணம் முடிந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தால், எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். ஒரு வருஷமாகத் திருப்புளி இல்லாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொண்டிருக்கிறேன். நீ போய் அழகம்மா வீட்டுக் கதவைத் தட்டு. உனக்குத் திறப்பார்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா